நாய்க்கு பிரியாணி மிச்சமா? உஷார்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், சென்னையில் வீட்டுக்கு வீடு பிரியாணி வாசனை மூக்கைத் துளைக்கிறது. தட்டில் மிஞ்சிய சோறும் எலும்பும் யாருக்கு? வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாய்க்குத்தான்!

"பாவம், வாயில்லா ஜீவன். தின்னுட்டுப் போகட்டும்" என்கிறார்கள். பாசம்தான். ஆனால் இந்தப் பாசமே அதன் உயிருக்கு உலை வைத்துவிடும்.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தை ஆசையாக ஊட்டும் சாக்லெட்டும் நாய்க்கு விஷம்தான். நாய் சுருண்டு விழுந்த பிறகு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து ஓடுவதைவிட, முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

ஆசைக்குத் தீனி போட வேண்டுமா? வீட்டிலேயே செய்யலாம். பெரிய செலவு இல்லை. பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் ஒரு முட்டையும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். உப்பு, சர்க்கரை, மசாலா எதுவும் கூடாது. சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் உள்ளே வேகும்வரை வாட்டி, ஆறவைத்துக் கொடுக்கலாம்.

அதுவும் அளவோடுதான். ஒரு நாள் சாப்பாட்டில் இந்த மாதிரித் தீனி 10-ல் 1 பங்கைத் தாண்டக்கூடாது.

ராத்திரி முழுக்கக் கண் விழித்து வீட்டைக் காக்கிறது நாய். குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதா அதற்குக் கூலி?