டைம் சரியில்லையா பாஸ்?

சீனியர் விட்டுட்டுப் போன பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா, மூலையில 2002 ஜனவரி 1-னு காட்டுதா? பிரவுசரைத் திறந்தா 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல'னு மிரட்டுதா? நெட் கனெக்‌ஷனைத் திட்டாதீங்க. முதல்ல தேதியைப் பாருங்க.

பாதுகாப்பான வெப்சைட் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது அதில் இருக்கும். உங்க மெஷின் 2002-ல் உட்கார்ந்திருந்தா, அதன் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! எக்ஸாம் ஃபீஸ் கட்டக் கடைசி நாள்ல இப்படி ஆனா அவ்வளவுதான்.

என்ன காரணம்? மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032, 3 வோல்ட். கரன்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? தேதியைச் சரி பண்ணிட்டு ஷட் டவுன் செய்யுங்க. சுவர் ஸ்விட்சையும் அணைச்சுட்டு ஒரு ராத்திரி விடுங்க. காலையில தேதி பின்னாடி போயிருந்தா பேட்டரி காலி. ஸ்விட்சை அணைக்கலைன்னா ஸ்டாண்ட்பை கரன்ட்டிலேயே கடிகாரம் ஓடிடும், குட்டு வெளிப்படாது.

மாத்துவது எப்படி? பயாஸ் செட்டிங்ஸை எழுதி வெச்சுக்கங்க. பவர் கேபிளைக் கழற்றுங்க. கேபினெட்டின் இரும்பைத் தொட்டுட்டு, பழசை எடுத்து, ப்ளஸ் குறி பழைய பேட்டரியில் இருந்த பக்கமே வர்ற மாதிரி புதுசைப் போடுங்க. லேப்டாப்னா சர்வீஸ் ஆளிடம் கொடுங்க. பழைய பேட்டரியைக் குழந்தைகள் கையில் கிடைக்கவே விடாதீங்க. விழுங்கினா உயிருக்கே ஆபத்து.

மணி மட்டும் கரெக்ட்டா ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுதா? பேட்டரி மேல பழி போடாதீங்க. டைம் ஸோன் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி'யில இருக்கானு பாருங்க. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தா, விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரமா எடுத்துக்கும். லினக்ஸ் வழக்கமா உலகப் பொது நேரமா எடுத்துக்கும். ரெண்டில் ஒன்றை மற்றதுக்கு ஏற்ற மாதிரி மாத்தினா சண்டை தீர்ந்தது.

எக்ஸ்பியில் ஒரு விஷயம். தேதி தப்பா இருந்தா, 'இன்டர்நெட் டைம்' அப்டேட் ஆகாது. தேதியை முதல்ல கையால சரி பண்ணணும்.

தேதி சரியாகியும் எரர் வருதா? எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. பல வெப்சைட்டுகள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழும் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியாச்சு. தேதியைப் பின்னாடி தள்ளி ஏமாத்தப் பார்க்காதீங்க. அந்த நேரத்தில் சேவ் பண்ற புராஜெக்ட் ஃபைல்களோட தேதியும் குழம்பிப்போகும். ஃபீஸ், பேங்க் வேலையெல்லாம் வேற கம்ப்யூட்டர்லயே முடிங்க.

கடைசியா ஒண்ணு. 32 பிட்டில் விநாடிகளை எண்ணும் பழைய சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 8.44-க்கு எண்ணிக்கை நிரம்பிடும். அடுத்த விநாடி அவை 1901-க்குத் தாவலாம். அதுக்கு எந்தப் பேட்டரியும் மருந்து இல்லை பாஸ்!