நுரைக்கும் ஜாதி உண்டு

சென்ற கோடையில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம், நாலு நாள் தங்கியிருந்தேன். உடன் வந்த நண்பர் ரசனைக்காரர். சென்னையில் அரசாங்க மதுக்கடையில் ரசீதோடு வாங்கிய நுரைக்கும் ஒயின் புட்டி ஒன்றைப் பனிக்கட்டியில் பொதிந்து, குழந்தையைத் தூக்கி வருவது போல மலை ஏற்றியிருந்தார்.

மாலையில் திண்ணையில் உட்கார்ந்தோம். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, வறுத்த வேர்க்கடலை, சூடாகச் சாமை அடை. தக்கை தெறித்தது, நுரை பொங்கிற்று. அருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

அடை கொண்டுவந்த காவற்காரப் பெரியவர் கண்ணாடிக் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார். போளூர்ப் பக்கத்து மனிதர், பனையேறிக் குடும்பம்.

“இந்த நொரைக்குத்தாங்க எங்க அண்ணாரு கோர்ட்டு வாசல்ல நின்னாரு” என்றார்.

நண்பர் சிரித்தார். “பெரியவரே, அது கள்ளு, இது ஒயின்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன ஐயா வித்தியாசம்? புட்டிக்குள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அதுதான் ஒயினின் நுரை. பனம்பாளையில் கட்டிய கலயத்திலும் அதே ஈஸ்ட், அதே வாயு, அதே நுரை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். போதைக் கணக்குப் பார்த்தாலும் கள்ளில் சாராயச் சத்து சுமார் 5 சதவீதம். அந்த ஒயினில் சுமார் 12. அதிகம் உள்ளதற்கு ரசீது; குறைந்ததற்குக் கைவிலங்கு!

1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறையும் வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். அவரோடு வாதாடலாம், ஆனால் அதில் ஒரு தர்மம் இருந்தது. குடி தீது என்றவர் அதன் காசும் வேண்டாம் என்றார். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனையோ டாஸ்மாக் மூலம் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. இதில் எந்தத் தர்மத்தைத் தேடுவது?

கள்ளில் கலப்படம் செய்கிறார்கள் என்பீர்கள். பாலிலும்தான் செய்கிறார்கள்; அதற்காக மாட்டையா தடை செய்தோம்? கேரளத்தில் உரிமம் கொடுத்துக் கள்ளுக்கடை நடத்துகிறார்களே, அங்கே வானம் இடிந்தா விழுந்தது?

நான் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அதனால் அழிந்த குடும்பங்களை அறிவேன். இரண்டையும் மூடுங்கள், வாயைப் பொத்திக்கொள்கிறேன். இல்லையேல் இரண்டையும் திறவுங்கள். பனையை மாநில மரம் என்று கொண்டாடிவிட்டு, அதில் ஏறுகிறவனைக் குற்றவாளியாக்காதீர்கள்.

மறுநாள் மாலை நண்பர் மிச்சத்தை எடுத்தார். நுரை அடங்கிப் போயிருந்தது. எனக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.