இரண்டு கட்டில், ஐந்து மெத்தை



பாகிஸ்தான் தேர்தல் என்றாலே ஷெரீப், பூட்டோ, இம்ரான் கான் என்று மூன்று பெயர்களோடு நம் பத்திரிகைகள் நிறுத்திக்கொள்கின்றன. 2013 தேர்தலில் சிந்து மாகாண சட்டமன்றத்துக்கு ஹைதராபாத் பகுதியில் சுயேச்சையாக நின்ற வீரு கோலியைப் பற்றியும் எழுதுங்கள். பண்ணையாரிடம் கொத்தடிமையாகக் கிடந்து தப்பி வந்த இந்துப் பெண் அவர். அவர் காட்டிய சொத்துக் கணக்கு: இரண்டு கட்டில், ஐந்து மெத்தை, சமையல் பாத்திரங்கள், வங்கியில் 2,800 ரூபாய்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அங்கே 1992-லேயே வந்துவிட்டது. ஆனாலும் குத்தகை விவசாயி வாங்கிய முன்பணம் குட்டி போட்டுக்கொண்டே போகிறது. கணக்கு நோட்டு பண்ணையார் கையில், வாங்கியவருக்கோ எழுத்து தெரியாது. அதே நிலவுடைமைக் குடும்பங்கள் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தால் அந்தச் சட்டத்தை யார் அமல்படுத்துவது?

வீரு தோற்றார். சிந்து சட்டமன்றத்தில் பெண்களுக்கு 29 இடங்களும் சிறுபான்மையினருக்கு 9 இடங்களும் ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தனையும் கட்சிகள் வென்ற இடங்களின் விகிதப்படி, கட்சிகள் கொடுக்கும் பட்டியலிலிருந்தே நிரப்பப்படுகின்றன. சுயேச்சைக்கு அங்கே வாசலே இல்லை. 2018-இல் அதே கோலி சமூகத்தைச் சேர்ந்த கிருஷ்ணகுமாரி செனட்டுக்குத் தேர்வானதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. அவரும் பாகிஸ்தான் மக்கள் கட்சி வழியாகத்தான் போக முடிந்தது. ஒதுக்கீட்டு இடங்களையாவது மக்கள் நேரடியாக வாக்களித்து நிரப்பும்படி மாற்ற வேண்டும்.

வாசகி, தென்காசி