எதற்குப் பூஜ்யம் போட்டார்கள்?

என் தம்பிக்கு 49 வயது. 24 வயதில், அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தபோது மனச்சிதைவு நோய் வந்தது. காதில் கேட்ட குரல்கள் மாத்திரைக்கு அடங்கி வெகுகாலமாகிறது. கத்துவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊராருக்கு அவன் குணமாகிவிட்டவன். மாற்றுத்திறனாளிகள் முகாமில் அவனைப் பார்த்த மருத்துவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"பேரு என்ன? இன்னிக்கு என்ன கிழமை? சாப்பிட்டீங்களா?" மூன்றுக்கும் சரியாகச் சொன்னான். "ஏதாவது வேலை செய்றாராம்மா?" என்று என்னிடம் கேட்டார். "வீட்ல முந்திரி உடைப்பான் சார்" என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவனுக்கு வந்த மாற்றுத்திறனாளி சான்றிதழில் இயலாமை 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகை இயலாமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இடஒதுக்கீடு போன்ற முக்கியமான உரிமைகளுக்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மதிப்பெண் என்றால் எப்படிப் போட்டார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியாது. மனநோயால் வரும் இயலாமையை அளக்க 'ஐடியாஸ்' என்று ஓர் அளவுகோலை இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கியிருக்கிறது. அதைத் தேடிப் படித்தேன். தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. சிரமம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனியாக 4 வரை. மொத்தம் 20. அதில் 8 வந்தால் 40 சதவீதத்தை எட்டிவிடும்.

நோய் வந்து 10 வருடத்தைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தனிக்கணக்கில் முழு 4 உண்டு. தம்பிக்கு 25 வருடம். மீதி நான்கு தலைப்பிலும் 'லேசான சிரமம்' என்று ஒவ்வொரு மதிப்பெண் போட்டிருந்தாலே 8 ஆகியிருக்கும். ஆகவில்லை என்றால், ஏதோ ஒரு தலைப்பிலாவது அவனுக்குச் சிரமமே இல்லை என்று பூஜ்யம் விழுந்திருக்கிறது. எந்தத் தலைப்பில்? சான்றிதழில் சதவீதம் மட்டும்தான் இருக்கிறது.

வேலையிலா? முந்திரிக்கொட்டையை உடைத்தால் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் கையை வேகவைத்துவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் விளக்கெண்ணெயோ சாம்பலோ தடவாமல் தொட மாட்டார்கள். தம்பிக்கு நான்தான் தடவிவிட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து "அடுத்தது எடுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் உடைப்பான். அடுப்பைப் பார்க்க எழுந்து போனால், கையில் கொட்டையோடு அப்படியே உட்கார்ந்திருப்பான். தோல் உரிந்தாலும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டான். லேத்தில் நூலளவு பிசகாமல் வேலை செய்த கை அது.

தன்னைக் கவனித்துக்கொள்வதிலா? முகாமுக்கு முதல் நாள் நான்தான் அவனுக்குச் சவரம் செய்ய ஆள் கூப்பிட்டேன், நகம் வெட்டினேன், வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொன்னேன். சொல்லாவிட்டால் வாரக்கணக்கில் குளிக்க மாட்டான். மருத்துவர் பார்த்த அந்தச் சுத்தமான வேட்டியும் நான் கட்டிவிட்டது.

இந்த நோயில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் ஒரு பாதி. ஆசை, முனைப்பு, பேச்சு எல்லாம் வற்றிப்போவது இன்னொரு பாதி. முதல் பாதியை மாத்திரை பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. இரண்டாவது அவ்வளவு எளிதில் மசிவதில்லை. உறவுக்காரர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். வேலை, கல்யாணம், நட்பு எல்லாவற்றையும் தம்பியிடமிருந்து கொண்டுபோனது இந்த இரண்டாவது பாதிதான். அது சத்தம் போடாது, மூன்று கேள்வியில் வெளியே வராது.

காது கேட்கும் அளவை டெசிபலில் சொல்ல இயந்திரம் இருக்கிறது, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பாகையில் அளக்கக் கருவி இருக்கிறது. மனநோய்க்கு அப்படி ஒன்றும் இல்லாததால்தான், கூடவே இருப்பவரை விசாரித்து மதிப்பிட வேண்டும் என்று அந்த அளவுகோலே சொல்கிறது. "தானாகச் செய்கிறாரா, சொன்னால் செய்கிறாரா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மருத்துவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், அவருக்கு முன்னால் நின்ற வரிசை வாசலைத் தாண்டியிருந்தது.

முகாமுக்கு வெளியே ஜெராக்ஸ் கடையில் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார்: "அடுத்த தடவை குளிப்பாட்டாம, நாலு நாள் மாத்திரை குடுக்காம கூட்டிட்டு வாங்கம்மா. சட்டுனு குடுத்துடுவாங்க." என் ரத்தம் கொதித்தது. மாத்திரையை நிறுத்தினால் குரல்கள் திரும்பிவிடும், அதிலிருந்து மீள எத்தனை மாதமாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் வேறு வழி தெரியாத தாய்மார்கள் அதைச் செய்துதான் பார்ப்பார்கள். நல்லபடியாகப் பராமரித்த குடும்பத்துக்குத் தண்டனையும் கவனிக்காமல் விட்டவனுக்குப் பரிசும் கொடுக்கும் மதிப்பீடு அநியாயமானது.

உடம்பு விஷயத்திலும் இதேதான், யாரும் விசாரிப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் தம்பி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். மனநலப் பிரிவில் காட்டினேன். "மாத்திரைக்கு நாக்கு வறளும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அது உண்மைதான், வறளும். ஆனால் இந்த மருந்துகளில் சில உடம்பைப் பெருக்கவைத்து, சர்க்கரையையும் ஏற்றும். தெருவோர ரத்தப் பரிசோதனைக் கடையில் நானாகப் பார்த்தபோது 400-ஐத் தாண்டியிருந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் மாரடைப்பு, சர்க்கரை போன்ற, கவனித்தால் தடுக்கக்கூடிய நோய்களால். மனநோய் உள்ளவருக்கும் உடல்நோய் உள்ளவருக்கும் சமமான சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நான் கேட்பது புதுச் சட்டம் அல்ல. எந்தத் தலைப்பில் எவ்வளவு மதிப்பெண் என்று எழுதி ஒரு நகல் கொடுங்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது, எதை எதிர்த்து முறையிடுவது என்று தெரிய வேண்டாமா? மனநோயாளிகளுக்கு முகாமில் தனி நாள் ஒதுக்குங்கள். உடன் வந்தவரைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். 25 வருடம் பழகிய நோய்க்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்து மறுபடி அலையவிடாதீர்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருகிறார். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்க வருபவர். தம்பி திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பான், அவன் பெயர் அவருடைய பட்டியலில் இல்லை. நான் சொல்லி எழுதவைத்தேன், இப்போது அவனுக்கும் சர்க்கரை பார்க்கிறார். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரையும் கேட்காமலே அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அரசு ஓர் உத்தரவு போட வேண்டும்.