தோற்றுப் பழக ஒரு களம் வேண்டும்

2024 ஓகஸ்ட் மாதத்தில் விமல் யோகநாதன் என்ற பெயர் எமது பத்திரிகைகளிலும் இணையத் தளங்களிலும் திடீரென்று நிறைந்தது. வட வேல்ஸில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, லிவர்பூல் கழகத்தின் சிறுவர் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து, வேல்ஸின் இளையோர் அணிகளுக்கு ஆடிய அந்தப் பதினெட்டு வயது மத்தியகள வீரர், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்காக லீக் கிண்ணப் போட்டியில் களமிறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று பிரித்தானிய ஊடகங்கள் அவரைக் குறிப்பிட்டன. அடுத்த நாளே யாழ்ப்பாணத்தில் அவர் "எம்மவர்" ஆகிவிட்டார். தேநீர்க்கடையில் அவரைப் பற்றிப் பேசினார்கள். பார்ன்ஸ்லி எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவர்களும் பெருமைப்பட்டார்கள்.

பெருமைப்படுவதில் தவறில்லை. நானும் மகிழ்ந்தேன். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில், ஒரு செய்தியைப் படித்தவுடன் அதில் எழுதப்படாத பகுதி எது என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தச் செய்தியில் எழுதப்படாத பகுதி யாழ்ப்பாணத்தைப் பற்றியது. குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் பந்தோடு பிறந்தவர்கள் போல ஆடுகிற பிள்ளைகள் இருக்க, முதல் தமிழர் ஏன் வேல்ஸில் பிறந்தவராக இருக்க வேண்டியிருந்தது? "வெள்ளைக்காரனிடம் வசதி இருக்கிறது, எங்களிடம் இல்லை" என்பது உடனே வரும் பதில். அந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்கு வேல்ஸின் இன்னொரு வீரரை, ஒரு பின்கள வீரரை, இங்கே அழைத்து வரவேண்டியிருக்கிறது.

ஆஷ்லி வில்லியம்ஸ் 1984 இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் வேல்ஸ் நாட்டவர். வெஸ்ற் புறொம்விச் கழகத்தின் இளையோர் பிரிவில் இருந்த அவரைப் பதினாறு வயதில் "நீ போதாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வயதில் ஒரு பையனிடம் அப்படிச் சொன்னால் அநேகமாக அத்துடன் கதை முடிந்துவிடும். அவருடைய கதை முடியவில்லை. ஹெட்னஸ்போர்ட் ரவுண் என்ற சிறிய கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அது தொழில்முறைப் பிரிவுகளுக்கு வெளியே இருந்த கழகம். ஆட்டத்தை நம்பி வாழ முடியாததால் வேறு சிறு வேலைகளும் பார்த்துக்கொண்டு ஆடினார்.

2003 இறுதியில் ஸ்ரொக்போர்ட் கவுண்டி கழகம் அவரை எடுத்தது. அந்தக் கழகம் அப்போது நல்ல நிலையில் இருக்கவில்லை. 2004-05 பருவத்தில் மூன்றாம் பிரிவிலிருந்து நான்காம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த பருவத்தில் அங்கிருந்தும் கீழே விழாமல் மயிரிழையில் தப்பியது. வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணியின் பின்களத்தில் நின்றுதான் அவர் தொழில் கற்றார். 2008 இல் சுவான்சி சிற்றி கழகம் அவரை வாங்கியது. அதே ஆண்டு, இருபத்து மூன்று வயதில், பாட்டனாரின் உரிமையில் வேல்ஸ் தேசிய அணிக்கும் தெரிவானார். 2011 இல் சுவான்சி பிரிமியர் லீக்கில் நுழைந்தது. அங்கே ஆடிய முதல் வேல்ஸ் கழகம் அதுவே. 2013 இல் லீக் கிண்ணத்தையும் வென்றது. 2012 முதல் வேல்ஸின் தலைவராக இருந்த வில்லியம்ஸ், 2016 ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக வேல்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது தலையால் முட்டிச் சமப்படுத்தினார். வேல்ஸ் 3-1 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. நாட்டுக்காக 86 ஆட்டங்கள் ஆடிய அவர் 2021 இல் ஓய்வு பெற்றார்.

இந்த வரலாற்றில் என்னை ஈர்ப்பது 2016 இன் அந்தக் கோல் அன்று. பதினாறு வயதுக்கும் இருபத்து மூன்று வயதுக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகள்தான். அந்த ஏழு ஆண்டுகளில் அவரைப் பற்றி எந்தப் பெரிய பத்திரிகையும் எழுதியிருக்காது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் இருந்தது. இங்கிலாந்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 24 கழகங்கள். ஒவ்வொரு கழகமும் ஏனைய 23 கழகங்களையும் இரண்டு தடவை சந்திக்கும். ஆகவே ஒரு பருவத்தில் 46 லீக் ஆட்டங்கள். அதற்குக் கீழேயும் படிப்படியாகப் பல லீக்குகள். ஒரு படியில் தவறியவன் அடுத்த படியில் காலூன்றலாம், மறுபடி ஏறலாம்.

இனி எமது ஊருக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டத் திறமைக்குப் பஞ்சமில்லை. புனித பத்திரிசியார் கல்லூரியும் இளவாலை புனித ஹென்றி அரசர் கல்லூரியும் அகில இலங்கை மட்டத்தில் மற்றவர்கள் அஞ்சும் அணிகளை உருவாக்கியவை. பெண்கள் பிரிவில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி தேசியப் பட்டங்களையே வென்றிருக்கிறது. கழகங்களைப் பார்த்தால் குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரீஸ், ஊரெழு றோயல் என்று ஒவ்வொரு ஊரும் ஒரு பெயரைச் சொல்லும். பத்தொன்பது வயது வரை எமது பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

பத்தொன்பது வயதுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

பாடசாலை முடிகிறது. அத்துடன் பயிற்சியாளரும் முடிகிறார். ஒருவன் வெளிநாட்டுக்குப் போகிறான். ஒருவன் தகப்பனுடன் கடலுக்குப் போகிறான். இன்னொருவன் ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறான். மாலையில் கழகத்துக்கு ஆடுகிறான்தான். ஆனால் அவன் ஆடுவது எது? எமது பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். "அணிக்கு ஏழு பேர் கொண்ட விலகல் முறையிலான மின்னொளி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி" என்ற வாசகம் ஆண்டு முழுவதும் அச்சில் கோத்த எழுத்தாகவே இருக்கும். யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை என்று லீக் அமைப்புகள் உண்டு. அவை நடத்தும் போட்டிகளும் உண்டு. ஆயினும் கூட்டம் கூடுவதும் பணம் புரள்வதும் இந்த விலகல் முறைப் போட்டிகளில்தான்.

விலகல் முறையில் தோற்றவன் வீட்டுக்குப் போகிறான். முப்பத்திரண்டு அணிகள் பங்குபற்றினால் முதற் சுற்றிலேயே பதினாறு அணிகளுக்குப் போட்டி முடிந்துவிடும். ஏழு பேர் ஆட்டத்தில் மைதானமும் சிறியது, நேரமும் குறைவு. அங்கே பந்தை வெட்டி ஓடுகிற முன்கள வீரன் பிரகாசிப்பான். சமநிலை தவிர்ப்பு உதையைத் தடுக்கிற கோல்காப்பாளன் பிரகாசிப்பான். பின்கள வீரன் அங்கே உருவாக மாட்டான். ஏனெனில் பின்களம் என்பது தவறுகளால் கற்கும் தொழில். எதிரி எப்போது திரும்புவான், எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது காலை நீட்டக் கூடாது என்பதைப் பயிற்சியாளர் வாயால் சொல்லலாம். ஆனால் ஐம்பது தடவை ஏமாந்த பிறகுதான் அது காலுக்குத் தெரியும். சனிக்கிழமை ஏமாந்தவனுக்கு அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொள்ள ஓர் ஆட்டம் வேண்டும். ஸ்ரொக்போர்ட் வில்லியம்ஸுக்குக் கொடுத்தது அதைத்தான். எமது விலகல் முறை ஒரு தவறுக்கு ஒரு பருவத்தையே தண்டனையாகக் கொடுக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கரையோரக் கிராமம் ஒன்றில் நடந்த சுற்றுப்போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளூர் அணியின் பின்களத்தில் ஓர் இளைஞன் நின்றான். இருபது வயதுதான் இருக்கும். உயரமானவன், அவசரப்படாதவன். அவன் பக்கமாக எதிரணி மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியது. நான்காவது தடவை கால் வழுக்கினான், கோல் விழுந்தது, அணி வெளியேறியது. பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, இவன் ஒருத்தனாலதான் போச்சுது" என்றார். மறு ஆண்டு விசாரித்தபோது அவன் கட்டாரில் இருப்பதாகச் சொன்னார்கள். போனதற்குக் குடும்பக் காரணங்கள் இருந்திருக்கும். அந்தக் கோலுக்காக அவன் போகவில்லை. ஆனால் இங்கே அவனை இருத்தி வைக்கவும் எதுவும் இருக்கவில்லை.

யுத்தத்தை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1990 இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது மைதானங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2006 இல் ஏ-9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்து வீரனுக்குக் கொழும்பு வெளிநாடு போலாயிற்று. ஒரு தலைமுறை ஆடவேண்டிய வயதில் பதுங்கு குழிக்குள் இருந்தது. நாட்டின் உதைபந்தாட்ட நிர்வாகமோ தன் பங்குக்கு 2023 ஜனவரியில் ஃபிஃபாவிடம் தடை வாங்கி, ஓகஸ்ட் வரை நாட்டையே சர்வதேசக் களத்துக்கு வெளியே நிறுத்தியது. இவை எல்லாம் உண்மை. ஆனால் யுத்தம் 2009 இல் முடிந்தது. துரையப்பா விளையாட்டரங்கம் இந்திய நிதியுதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. யுத்தம் முடிந்த ஆண்டில் பிறந்த குழந்தை, வில்லியம்ஸ் நிராகரிக்கப்பட்ட வயதை எட்டிவிட்டது. இனியும் எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுத முடியாது.

பணம் இல்லையா? பணம் வருகிறது. லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் உள்ள எமது உறவுகள் ஊர்க் கழகங்களுக்கு அனுப்பும் பணத்தில்தான் மின்னொளிக் கம்பங்கள் நிற்கின்றன, சீருடைகள் தைக்கப்படுகின்றன, தாயின் பெயரிலும் தந்தையின் பெயரிலும் ஞாபகார்த்தக் கிண்ணங்கள் வழங்கப்படுகின்றன. அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. பிரதம விருந்தினர் மாலையுடன் நிற்கிறார், வெற்றி பெற்ற அணி கிண்ணத்துடன் நிற்கிறது, படம் பத்திரிகையில் வருகிறது. மறுநாள் மாலை அதே மைதானத்தில் பயிற்சி கொடுக்க ஒருவரும் இல்லை. ஏனெனில் பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் படம் வராது.

சாதியும் வர்க்கமும் இதில் இல்லை என்று சொல்லவும் என் மனம் ஒப்பவில்லை. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் "வடக்கின் பெரும் சமர்" 1904 முதல் நடக்கிறது. அதற்குப் பத்திரிகைகள் சிறப்பு மலர் வெளியிடும். உதைபந்தாட்டமோ பெரிதும் கரையோர மக்களின், உழைக்கும் மக்களின் ஆட்டம். "பந்தடிக்கிற பெடியன்" என்று நாம் சொல்லும் தொனியிலேயே ஓர் இளக்காரம் இருக்கிறது. அந்தப் பெடியன் பார்ன்ஸ்லியில் அடித்தால் மட்டும் எம்மவன்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். தேசியப் பட்டம் வென்ற சிறுமிகளுக்குப் பாடசாலை முடிந்த பின் ஆடுவதற்கு ஏழு பேர் போட்டிகூட அரிது.

வேறொரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்ற புலம்பெயர் பிள்ளைகள் இலங்கைத் தேசிய அணிக்கு ஆடுகிறார்கள். 2024 செப்ரெம்பரில் கம்போடியாவை அதன் மண்ணிலேயே சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணில் இலங்கை முன்னேறியதில் வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களுக்குப் பெரும் பங்குண்டு. நல்லதே. வேல்ஸும் இங்கிலாந்தில் பிறந்த வில்லியம்ஸைப் பாட்டனார் வழியாகத்தான் அழைத்தது. ஆனால் வேல்ஸ் அத்துடன் நிற்கவில்லை. 31 இலட்சம் மக்களே உள்ள அந்த நாடு தனக்கென ஒரு தேசிய லீக்கை 1992 முதல் நடத்தி வருகிறது. தன் சிறுவர்களையும் தானே பயிற்றுகிறது. 1958 க்குப் பிறகு 2022 இல்தான் மறுபடி உலகக் கிண்ணத்துக்குப் போக முடிந்தது. அறுபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்; காத்திருந்த காலத்திலும் சனிக்கிழமை ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன.

ஆகவே புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கழகம் அடுத்த ஞாபகார்த்தக் கிண்ணத்துக்குப் பணம் கேட்கும்போது ஒரு நிபந்தனை விதியுங்கள். அயலில் உள்ள எட்டுக் கழகங்கள் சேரட்டும். அணிக்குப் பதினொரு பேர், வயது பதினேழு முதல் இருபத்து மூன்று வரை. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளையும் இரண்டு தடவை சந்திக்கட்டும். ஒவ்வொருவருக்கும் பதினான்கு ஆட்டங்கள், தோற்றாலும் பதினான்கு. கிண்ணத்துக்கு உங்கள் தந்தையாரின் பெயரையே வையுங்கள். மத்தியஸ்தருக்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம் கொடுங்கள். கடலுக்குப் போகிற பையனின் நேரத்துக்கு ஏற்ப ஆட்டத்தை வையுங்கள். பெண்களுக்கும் அப்படி ஒன்று நடக்கட்டும்.

பத்திரிகைகளும் தம் பங்கைச் செய்யலாம். கோல் அடித்தவர்களின் பெயருடன் செய்தியை முடித்துவிடாமல், கோல் விழாமல் தொண்ணூறு நிமிடம் நின்றவனின் பெயரையும் ஒரு வரியில் போடலாம். அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொள்ள அவனுடைய தாய் இருப்பாள்.