காகத்தைக் கூட்டி வந்தது யார்?

கிள்ளான் வட்டாரத்தில் காகங்களைச் சுட்டுத் தள்ளுவது புதிய சேதியல்ல. பல ஆண்டுகளாகத் துப்பாக்கிக்காரர்களை அனுப்பிச் சுட்டு வந்திருக்கிறார்கள். சுட்ட அன்றைக்குக் குறைந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் மின்கம்பி நிறைய மறுபடியும் கருப்பாக உட்கார்ந்திருக்கும். "இந்தச் சனியன் எங்கேயிருந்துதான் வந்துச்சோ" என்று நம் பெண்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எங்கேயிருந்து வந்தது என்பது தோட்டத்து மக்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான்.

கழுத்தில் சாம்பல் நிறம் ஓடும் இந்த ஊர்க்காகம் இம்மண்ணின் பறவை அல்ல. 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. பால்மரம் பெருகாத காலம் அது. சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள்தான் பெரிசு. காப்பிச் செடியைப் புழு மொட்டையடித்தது. புழுவைத் தின்ன ஆள் வேண்டுமென்று காகத்தைப் பிடித்து வந்தார்கள். அதே காலத்தில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி நம்ம பாட்டன்மார்களும் வந்தார்கள். தோட்ட வேலைக்கென்று வரவழைக்கப்பட்டவர்கள் இரண்டு கூட்டத்தாருமே!

புழு ஒழிந்ததோ இல்லையோ, காப்பி ஒழிந்தது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. காகத்துக்குக் கணக்கு முடித்துத் திருப்பி அனுப்ப யாரும் நினைக்கவில்லை.

அதன் குணத்தைப் பாருங்கள். அடர்ந்த காட்டில் இது குடியிருக்காது. மனிதன் இருக்கும் இடமே அதற்கு வீடு. (காட்டோரத்தில் காணும் முழுக் கருப்பான, பெரிய அலகுள்ள அண்டங்காக்கை வேறு ஜாதி, அதுதான் இந்நாட்டுக் காகம்.) பகலில் இரை தேடிச் சிதறும், பொழுது சாய்ந்தால் ஒரே மரத்தோப்பில் கூட்டங்கூட்டமாக வந்து அடையும். கூட்டில் குஞ்சு இருந்தால் கீழே போகிறவர் தலையில் கொத்தும். வெறி பிடித்ததென்று பயப்பட வேண்டாம், பிள்ளையைக் காக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் விடியுமுன் குயில் கூவுகிறதே, அந்தக் குயில் முன்பெல்லாம் பனிக்காலத்தில் இந்நாட்டுக்கு வந்து போகும் விருந்தாளிதான். காகக் கூடுகள் பெருகிய பிறகே இங்கேயே தங்கி, அவற்றில் முட்டையிட்டுக் குடும்பம் பெருக்கியது.

சரி, காகம் ஏன் குறையவில்லை? சோறு குறையவில்லை, அதனால்தான். மூடியில்லாத தொட்டி, சாப்பாட்டுக் கடையின் எச்சில், சந்தையின் மீன் கழிவு, பின் சந்தில் நாலு நாள் கிடக்கும் பை, இவை இருக்கும்வரை பத்தைச் சுட்டால் மிச்சம் உள்ளவைக்கு இரை கூடுதலாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரிலும் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்தார்கள். ஆனால் தொட்டிகளை மூடுவது, எச்சிலை உடனே எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாவற்றையும் சேர்த்தே செய்தார்கள். கிள்ளான் 2024இல் அரச மாநகரமாகிவிட்டது. தோட்டாவுக்குச் செலவழிப்பதைக் குப்பை லாரிக்குச் செலவழித்தால் மாநகரத்துக்கு அழகு என்பது நமது எண்ணம்.

அமாவாசைக்கு நாம் வைக்கும் பிடிச் சோற்றால் காகம் பெருகுகிறது என்று சிலர் நம்மையே குறை சொல்கிறார்கள். அந்த ஒரு பிடி எங்கே, கடைத்தெருக் குப்பை மலை எங்கே!

நம் லயங்களுக்கு வருவோம். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிக் குப்பையைக் கொட்டும் வழக்கம் இன்னும் சில தோட்டங்களில் உண்டு. காகம் மட்டுமா, எலி வரும், எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வரும். பிள்ளைகள் விளையாடும் இடம் அது. தொழிலாளர் குடியிருப்பின் சுகாதாரத்தை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. குப்பை எடுக்க ஆள் வராத லயத்துக்காரர்கள் நாலு பேராகச் சேர்ந்து, தேதி போட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நகலைச் சங்கத்துக்குக் கொடுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.