இடித்தால் தீராத இழுக்கு

‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று ஊர் சொல்லும் பழைய மனநல மருத்துவமனைக் கட்டடங்களை இடிப்பதே நோயாளிகளுக்குச் செய்யும் மரியாதை என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியிருக்கிறது. சங்கிலியையும் இருட்டறையையும் நினைவூட்டும் சுவர் போனால் இழுக்கும் போய்விடும் என்கிறார்கள். எப்படியும் விழப்போகும் கட்டடம் நல்ல நிலத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்ற பேச்சும் கூடவே வரும். நல்ல நோக்கத்தில் பிறந்த எண்ணமாக இருக்கலாம். ஆனாலும் அது தவறு, நோயாளிகளுக்கே அநீதி.

சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதியை 1794இல் தொடங்கியவர் வாலன்டைன் கொனாலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட இன்றைய வளாகத்தில் 1871இல் காப்பகம் திறக்கப்பட்டது. இன்றும் அது அரசு மனநலக் காப்பகமாகவே இயங்குகிறது. நம் விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள். சென்னை மாகாணத்தின் மற்றக் காப்பகங்கள் விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் இருந்ததால், இந்தப் பகுதியில் ஒருவர் சித்தம் கலங்கித் தெருவில் திரிந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவோடு போகவேண்டிய இடம் சென்னைதான். திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து 160. அப்படிப் போனவர்களில் பலர் கடிதம் எழுதவில்லை. பலரைப் பற்றி வீட்டார் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் நடந்த தாழ்வாரமும் பார்த்த மதிலும்தான் எஞ்சிய சாட்சிகள். அவற்றையும் இடித்தால் அந்த மனிதர்கள் இரண்டாம் முறையாக மறைக்கப்படுகிறார்கள்.

கொடுமை பழைய சுவரில் குடியிருப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்து இறந்த 28 மனநோயாளிகள் இருந்தது நூற்றாண்டுக் கட்டடத்தில் அல்ல, கீற்றுக் கொட்டகையில். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்களே, அதுவும் வெள்ளைக்காரன் கட்டியதல்ல. கண்காணிப்பு இல்லாத எந்தக் கூரையின் கீழும் கொடுமை நடக்கும். இழுக்கு மனிதர்களின் பேச்சில் இருக்கிறது. கடப்பாரை அதைத் தொடாது.

விழப்போகும் கட்டடம் என்ற வாதமும் நிற்காது. அக்காலச் சென்னைக் கட்டடங்களின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில், மூலைவாட்டமாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இப்படிப்பட்ட கூரை தானாக விழுவதில்லை. முதலில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீர் இறங்கி, உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தை உளுக்க வைக்கும். விரிசலில் அரசங்கன்று முளைக்கும். பிறகு யாரோ வந்து சிமெண்ட் பூசுவார். ஈரத்தை வாங்கி வெளியே விடுவது சுண்ணாம்புச் சுவரின் இயல்பு; சிமெண்ட் அந்த வழியை அடைக்க, ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். பராமரிக்காதவர்களின் குறை, கடைசியில் கட்டடத்தின் முதுமையாகக் கோப்பில் ஏறுகிறது.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு என்ற நான்கும் இல்லாமல் கோயில் எடுத்ததை முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பொறித்த மண்டகப்பட்டு இருப்பதும் விழுப்புரம் மாவட்டத்தில்தான். அந்த நான்காலும் ஆன கட்டடத்துக்குத் தொடர்ந்த கவனிப்பு வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி அல்ல. கவனித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. 2012 ஜனவரித் தீயில் சிதைந்த அதன் கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது.

இடித்த நிலம் நோக்கம் மாறாமல் பயன்படும் என்பதற்கும் உறுதியில்லை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்தவரும் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவருமான ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் பெயரைத் தாங்கியது சென்னை ஓமந்தூரார் தோட்டம். அங்கிருந்த பழைய அரசினர் மாளிகையை இடித்துப் புதிய சட்டமன்ற வளாகம் எழுந்து, 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2014இல் அது மருத்துவமனையானது. எதற்காக இடித்தார்களோ அந்தத் தேவை சில ஆண்டுகளில் மாறிவிட்டது, மாளிகை திரும்பவில்லை.

சுவரை மட்டும் காப்பாற்றினால் போதும் என்பதும் இல்லை. லண்டனில் 1993இல் மூடப்பட்ட ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனை புதுப் பெயரோடு சொகுசுக் குடியிருப்பாகிவிட்டது. கட்டடம் பிழைத்தது, அதில் வாழ்ந்தவர்களின் நினைவு பிழைக்கவில்லை. டொராண்டோவில் நடந்தது வேறு. குயின் தெரு மனநல மருத்துவமனையின் பழைய கட்டடம் 1970களில் இடிக்கப்பட்டும் சுற்றுமதிலின் பகுதிகள் நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட நோயாளிகள் கட்டிய மதில் அது. அவர்களின் உழைப்பைச் சொல்லும் பலகைகள் இன்று அதில் இருக்கின்றன. அந்த நினைவைக் காக்க முன்னின்றவர்களில் மனநலச் சிகிச்சையைத் தாங்களே கடந்துவந்தவர்கள் இருந்தார்கள். நோயாளிகளின் பெயரால் இடிப்பைக் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டடத்தைப் பாதுகாப்பது என்பது நோயாளியைப் பழைய அறையிலேயே வைத்திருப்பது அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்து, கண்ணியமான வாழ்வை உரிமையாக்கியிருக்கிறது. அதற்குப் புது வார்டுகள் கட்டாயம் வேண்டும். பழையவை ஆலோசனை அறையாக, தொழிற்பயிற்சிக் கூடமாக, ஆவணக் காப்பகமாக உழைக்கலாம்.

சென்னையிலாவது 2010ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, நீதிபதி பத்மநாபன் குழுவின் மரபுக் கட்டடப் பட்டியல் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியல் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ வராது. ஆனால் இந்த ஊர்களுக்கும் மருத்துவ வரலாறு உண்டு. 1890இல் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் உதவியின்றி இறந்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் மருத்துவராக முடிவெடுத்தது திண்டிவனத்தில்தான். அவர் வேலூரில் தொடங்கிய மருத்துவமனையே 1957இல் பாகாயத்தில் மனநல மையம் திறந்து, குடும்பத்தாரும் நோயாளியோடு தங்கும் சிகிச்சையை வளர்த்தது. இந்த ஊர்களின் மிஷன் பங்களாக்களும் பழைய மருத்துவமனைகளும் தாலுகா கச்சேரிகளும் அளவெடுத்து, படமெடுத்து, 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும். எந்த அறையில் என்ன நடந்தது என்பதை ஓய்வுபெற்ற வார்டு ஊழியர்களிடம் கேட்டு எழுதும் வேலையும் அதோடு சேர்ந்தது. அவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.